பதக்கம் வேண்டும், மனிதன் வேண்டாம்! - ஆஸ்திரேலிய ஆளும் வர்க்கத்தின் யுத்த நினைவுத் திருவிழா

எதற்கும் துணிந்த பேர்வழியை, படு கெட்டிக்காரனை, "ஆள் எம்டன்" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்தச் சொல் எப்படி வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, எண்ணெய் டாங்கிகளின் மேல் குண்டு பொழிந்துவிட்டுப் போன ஜெர்மன் யுத்தக் கப்பலின் பெயர் அது. அந்தக் கப்பல் பிறகு என்னவாயிற்று? அதே ஆண்டு நவம்பர் 9-ம் தேதி கோக்கோஸ் தீவுகளுக்கருகே "சிட்னி" என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதை அடித்து நொறுக்கியது. எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்து ஹைட் பார்க் பூங்காவின் மூலையில் இன்றைக்கும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

இப்படிப்பட்ட சின்னங்களுக்கு அந்த நாட்டில் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் ஒரு கல், அதில் பெயர்கள். வருஷந்தோறும் ஏப்ரல் 25-ம் தேதி விடியுமுன் ஜனங்கள் கூடி நிற்கிறார்கள். பிகில் ஊதுகிறார்கள், மலர் வைக்கிறார்கள், பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். "ஆன்ஸாக் தினம்" என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் பட்டாளத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்துச் செய்த சொல் அது. அன்றுதான் ஆஸ்திரேலியா என்ற தேசம் பிறந்தது என்று மந்திரிகள் பேசுகிறார்கள். பத்திரிகைகள் எழுதுகின்றன. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் ஒப்புவிக்கிறார்கள்.

ஒரு தேசம் எங்கே பிறந்ததாம்? அதன் கரையிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, துருக்கியில், கலிப்போலி என்ற ஒரு கரட்டு மேட்டில்!

அங்கே நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். 1915 ஏப்ரல் 25-ம் தேதி விடியற்காலையில் அந்தப் பட்டாளத்தைப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய்ச் செங்குத்தான மேட்டின் அடியில் இறக்கினார்கள். திட்டம் லண்டனில் போட்டது. கடற்படை மந்திரியாக இருந்த சர்ச்சில்தான் அதற்கு முக்கிய சூத்திரதாரி. எட்டு மாதம் பள்ளங்களில் கிடந்து, குண்டிலும் வயிற்றுக்கடுப்பிலும் செத்து, இலக்கு வைத்த உச்சிகளைப் பிடித்து நிறுத்த முடியாமல், டிசம்பரில் இரவோடிரவாகத் திரும்பினார்கள். ஆஸ்திரேலியர் மட்டும் எண்ணாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். தன் மண்ணைக் காத்து நின்ற துருக்கியர் தரப்பில் சாவு எண்பதாயிரத்தைத் தாண்டியது. நம் நாட்டுச் சீக்கியரும் கூர்க்கர்களும் பஞ்சாபி முஸ்லிம் பீரங்கிப் படைக்காரர்களும் கோவேறு கழுதை ஓட்டிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதே மேட்டில் மடிந்தார்கள்.

எதற்காக? ஜனநாயகத்தைக் காக்க என்றார்கள். ஆனால் அதே 1915 மார்ச், ஏப்ரலில் பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்ய ஜார் மன்னனுக்கு ரகசியமாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தன. யுத்தத்தில் ஜெயித்தால் கான்ஸ்டான்டிநோபிள் நகரமும் அந்த ஜலசந்தியும் ஜாருக்கு! 1917 நவம்பரில் ஆட்சிக்கு வந்த சோவியத் சர்க்கார் ஜாரின் பெட்டிகளைத் திறந்து இந்த ரகசிய உடன்படிக்கைகளை அச்சடித்து வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. குயின்ஸ்லாந்துக் கரும்புவெட்டியும் ஆட்டுமயிர் கத்தரிக்கும் தொழிலாளியும் உயிரைக் கொடுத்தது ஜாருக்கு ஒரு நகரம் வாங்கித் தர! எந்த விடியற்காலைக் கூட்டத்தில் எந்த மந்திரி இதைச் சொல்கிறார்?

தேசம் பிறந்த தேதி என்று ஒன்று வேண்டுமானால், நாலு நாள் முன்னால் தள்ளிப் பார்க்கலாம். 1856 ஏப்ரல் 21-ம் தேதி மெல்போர்ன் நகரத்தில் கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலம் போனார்கள். எட்டு மணி நேர வேலை, சம்பளத்தில் வெட்டு இல்லை என்று ஜெயித்தார்கள். சிக்காகோவுக்கு முப்பது வருஷம் முந்திய கதை இது. அந்த நாளைத் தொழிற்சங்கங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடி பிடித்துக் கொண்டாடின. பிறகு? விடுமுறை மார்ச் மாதத்துக்குப் போயிற்று. சங்கங்களின் ஊர்வலம் 1950-களின் தொடக்கத்தில் நின்றது. 1955 முதல் அந்த இடத்தில் வாணவேடிக்கையும் அலங்கார வண்டியுமாக ஒரு கேளிக்கைத் திருவிழா. ஏப்ரல் 25-க்கு மட்டும் சட்டக் காவல்! "ஆன்ஸாக்" என்ற சொல்லை வியாபாரத்தில் உபயோகிக்கக்கூடாது என்று 1921-லேயே விதி போட்டார்கள். (2015-ல் ஊல்வொர்த்ஸ் என்ற மளிகைக் கடைக் கம்பெனி, செத்த சிப்பாய்களின் படத்தின் மேல் தன் காய்கறி முத்திரையைப் போட்டு விளம்பரம் செய்தது. ஜனங்கள் காறித் துப்பியதும் சுருட்டிக்கொண்டது. விதி இருந்தும் அந்தத் துணிச்சல்!)

மூன்று சிப்பாய்கள்

செத்தவர்களை நினைப்பதாகச் சொல்கிறார்களே, யாரை எப்படி நினைக்கிறார்கள் என்பதற்கு மூன்று மனிதர்களின் கதையைச் சொல்கிறோம்.

முதல் ஆள் ஸிம்ஸன். காயம்பட்டவர்களைக் கழுதை மேல் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர். 24 நாள் அந்த வேலை செய்து 1915 மே 19-ம் தேதி குண்டடிபட்டு இறந்தார். ஆஸ்திரேலியாவில் அவரையும் கழுதையையும் தெரியாத குழந்தை இல்லை; சிலை, தபால்தலை எல்லாம் உண்டு. ஆனால் அவர் யார்? இங்கிலாந்தில் பிறந்த கப்பல் தொழிலாளி. கப்பலிலிருந்து ஓடிப்போய் ஆஸ்திரேலியாவில் கரும்பு வெட்டினார், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார், கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளினார். பட்டாளத்தில் சேர்ந்ததே ஊர் திரும்ப ஓசிப் பயணம் கிடைக்கும் என்றுதான். பிரபுக்களையும் முதலாளிகளையும் துடைக்க இங்கிலாந்தில் ஒரு புரட்சி வேண்டும் என்று தாயாருக்குக் கடிதம் எழுதியவர் அவர். கலிப்போலியில் அவர் முகாம் போட்டது வெள்ளைக்காரப் படையுடன் அல்ல, கோஹாட் மலைப் பீரங்கிப் படையின் இந்தியச் சிப்பாய்களோடு. அவர்கள் அவரைப் "பகதூர்" என்று கூப்பிட்டார்கள். அந்த பகதூரின் தோழர்களில் ஒருவர் யுத்தம் முடிந்து ஆஸ்திரேலியாவில் குடியேறப் போயிருந்தால் 1901-ம் வருஷத்து வெள்ளையர் குடியேற்றச் சட்டம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்!

இரண்டாவது ஆள் ஹ்யூகோ த்ராஸல். இவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரதம மந்திரியாகக் கொஞ்ச காலம் இருந்தவரின் மகன். 1915 ஆகஸ்டு கடைசியில் கலிப்போலியில் "60-ம் குன்று" என்ற இடத்தில் உடம்பெல்லாம் காயத்துடன் பதுங்கு குழியை விடாமல் காத்து நின்றதற்காகப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஆகப் பெரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். 1917-ல் காஸா யுத்தத்தில் அவருடைய அண்ணன் காணாமற்போனார். இரவில் பிணங்களுக்கிடையே ஊர்ந்து, சின்ன வயதில் இருவருக்கும் பழக்கமான சீட்டியை அடித்துக்கொண்டு அண்ணனைத் தேடினார் த்ராஸல். பதில் வரவில்லை.

1919-ல் சமாதான விழா. சொந்த ஊரான நார்தாமில் மேடை போட்டு, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் உட்கார்ந்து, வீரரைப் பேசச் சொன்னார்கள். சாம்ராஜ்யத்தைப் புகழ்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்து, யுத்தம் தம்மை ஒரு சோஷலிஸ்டாக ஆக்கிவிட்டது என்று அறிவித்தார். யுத்தத்தில் லாபம் சம்பாதிக்கிறவர்கள் இருக்கும்வரை யுத்தம் ஓயாது என்ற கருத்தைச் சொன்னார். கூட்டம் வாயடைத்துப் போயிற்று. அவர் மனைவி காதரீன் சூஸன்னா பிரிச்சார்ட், நாவலாசிரியை, 1920-ல் ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அதற்குப் பிறகு பெரிய மனிதர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். நிலத்தில் கடன், வேலை நிச்சயமில்லை, பின்னாலேயே உலகப் பொருளாதார நெருக்கடி. 1933 நவம்பரில், மனைவி வெளிநாடு போயிருந்த சமயம், த்ராஸல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தான் போய்விட்டால் யுத்த பென்ஷனாவது குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று நம்பினார் அந்த வீரர். உயிரோடிருந்தபோது ஒரு கை கொடுக்காத சர்க்கார், பிணத்துக்கு முழு ராணுவ மரியாதை கொடுத்தது!

கதை அதோடு முடியவில்லை. 1980-களில் அவருடைய மகன் அந்தப் பதக்கத்தை அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்குக் கொடுத்தார், விற்றுப் பணமாக்கிச் சமாதான வேலைக்குப் பயன்படுத்துங்கள் என்று. பழைய சிப்பாய்கள் சங்கம் அதை விலை கொடுத்து வாங்கியது. இப்போது அது கான்பெராவிலுள்ள யுத்த நினைவு மாளிகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நார்தாமில் அவர் பேசிய பேச்சை எந்த அரசாங்க விழாவில் யார் படிக்கிறார்கள்?

மூன்றாவது ஆள் அலெக் காம்பெல். 16 வயதில் வயதை ஏற்றிச் சொல்லி பட்டாளத்தில் சேர்ந்தவர். கலிப்போலிக்குப் போய்த் திரும்பியவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர். 2002 மே மாதம், 103-வது வயதில் இறந்தபோது அரசாங்க மரியாதையுடன் சவ ஊர்வலம் நடந்தது. ஆனால் கலிப்போலியில் அவர் இருந்தது சில வாரங்கள்தான். மீதி ஆயுளில் ரயில்வே பட்டறைத் தொழிலாளி, டாஸ்மேனியா ரயில்வே சங்கத்தின் தலைவர், சமாதான இயக்கக்காரர், முடியாட்சி வேண்டாமென்றவர். சில வாரத்துக்கு மாலை போட்டார்கள். எண்பது வருஷத்துக்கு?

"வேண்டாம்" என்ற வாக்கு

அதே யுத்தத்தின் நடுவில் அந்த நாட்டு உழைப்பாளி ஜனங்கள் செய்த ஒரு மகத்தான காரியம் இருக்கிறது. அதற்குத்தான் நாடெங்கும் கல் நாட்ட வேண்டும்.

ஹ்யூஸ் என்பவர் அப்போது பிரதம மந்திரி. தொழிற்கட்சிக்காரர். துறைமுகத் தொழிலாளர் சம்மேளனத்தின் முதல் தலைவராக இருந்தவர்! அவர் லண்டனுக்குப் போய்ச் சாம்ராஜ்யப் பிரபுக்களோடு விருந்துண்டு திரும்பி, கட்டாய ராணுவ சேவை வேண்டும் என்றார். ஐம்பது லட்சம் பேர் கூட இல்லாத நாடு. நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தாமாகவே சேர்ந்தார்கள். அது போதாதாம், மனிதர்களைப் பிடித்து அனுப்ப வேண்டுமாம். 1916 அக்டோபர் 28-ம் தேதி பொதுஜன வாக்கெடுப்பு வைத்தார். பத்திரிகைகள் எல்லாம் அவர் பக்கம். முதலாளிகள் எல்லாம் அவர் பக்கம். யுத்தத்தை எதிர்த்துப் பேசிய உலகத் தொழிலாளர் சங்கத்தினர் 12 பேரைச் சிட்னியில் பிடித்து, சதிவழக்குப் போட்டு, நீண்ட சிறைத்தண்டனை விதித்தார்கள். (பெரும்பாலோரை 1920-ல் விடுதலை செய்ய நேர்ந்தது. வழக்கின் லட்சணம் அப்படி.)

ஜனங்கள் என்ன சொன்னார்கள்? வேண்டும் என்றவர்கள் 10,87,557. வேண்டாம் என்றவர்கள் 11,60,033! தொழிற்சங்கங்கள், ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகள், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் - எல்லோரும் சேர்ந்து போட்ட வாக்கு. பட்டாளத்தில் இருந்த சிப்பாய்களிலேயே 58,000 பேருக்கு மேல் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். சேறு எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள், இன்னொருவனை அதில் கழுத்தைப் பிடித்துத் தள்ள மாட்டோம் என்றார்கள். ஹ்யூஸைக் கட்சியிலிருந்தும் சங்கத்திலிருந்தும் தூக்கி எறிந்தார்கள். அவர் எதிரிகளோடு சேர்ந்து மந்திரிசபை அமைத்து, 1917 டிசம்பர் 20-ல் மறுபடியும் வாக்கெடுப்பு வைத்தார். இந்தத் தடவை தோல்வி 1,66,588 வாக்கு வித்தியாசத்தில்!

இடையில் 1917 ஆகஸ்டில் சிட்னி ரயில்வே, டிராம் பட்டறைகளில் தொழிலாளியின் ஒவ்வொரு நிமிஷத்தையும் அட்டையில் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலைநிறுத்தம் வெடித்தது. சுரங்கம், துறைமுகம், கப்பல் என்று பரவிப் பல்லாயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். ஊரில் யுத்த தேசபக்திப் பாட்டு, பட்டறையில் கங்காணியின் கடிகாரம்! மில் தொழிலாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருங்காலிகளைக் கொண்டு அதை உடைத்தார்கள். சங்கத்தில் நின்றதற்காகப் பதவி இறக்கப்பட்ட எஞ்சின் டிரைவர் சிப்லி பிற்காலத்தில் பிரதம மந்திரியானார். (1949-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை உடைக்க அதே சிப்லி பட்டாளத்தை அனுப்பினார். பதவி ஆளை என்ன செய்யும் என்பதற்கு அது ஒரு பாடம்.)

இரண்டு முறை ஒரு தேசமே கூடி, யுத்த காலத்தில், கட்டாய சேவை வேண்டாம் என்று சொன்னதே, அது தேசத்தின் பிறப்பு ஆகாதா? ஆகாது. ஏனென்றால் அது உத்தரவுக்கு மறுப்பு. ஆளும் வர்க்கத்துக்கு வேண்டியது உத்தரவுக்குப் பணிந்து மேட்டில் ஏறிச் செத்தவன்.

மண்ணின் மக்கள்

இன்னும் ஆழத்தில் புதைத்த ஒரு யுத்தம் இருக்கிறது. 1788 முதல் நூற்று நாற்பது வருஷம் அந்தக் கண்டத்தின் ஆதிக்குடிகளிடமிருந்து மண்ணைப் பிடுங்கிய யுத்தம். 1838 ஜூனில் மயால் கிரீக் என்ற இடத்தில் நிராயுதபாணிகளான இருபத்தெட்டுப் பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், கட்டி இழுத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள். 1928-ல் கானிஸ்டன் வட்டாரத்தில் போலீஸ் படை வாரக்கணக்கில் வேட்டையாடியது. சர்க்கார் கணக்குப்படியே 31 பேர் பலி. உண்மை அதைவிட மிக அதிகம் என்பது அந்த ஜனங்களின் கணக்கு. விசாரணைக் குழு, சுட்டது நியாயம் என்றது. அந்தப் படையை நடத்திய போலீஸ்காரர் யார் தெரியுமா? கலிப்போலிக்குப் போய் வந்த பழைய சிப்பாய்!

ஆதிக்குடிகளிலும் ஆயிரம் பேருக்கு மேல் முதல் யுத்தத்தில் சேர்ந்தார்கள். விக்டோரியா மாநிலத்து லவெட் குடும்பத்தில் ஐந்து சகோதரர்கள் போனார்கள். அடுத்த யுத்தத்துக்கும் அந்த வீட்டார் போனார்கள். திரும்பியவர்களுக்கு நிலம் என்று சர்க்கார் வாக்களித்திருந்தது. அவர்களுடைய பூர்வீக நிலத்தையே கூறு போட்டு வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். லவெட்டுக்கு இல்லை என்றார்கள். உழுகிறவனுக்கு நிலம் இல்லை என்பதை அறிந்த நம் விவசாயத் தோழர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

வெள்ளைச் சிப்பாய்க்காவது விடிந்ததா? அதுவும் இல்லை. முதல் யுத்தத்துக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பதாயிரம் பேரைத் தண்ணீரில்லாத துண்டு நிலங்களில் கடனோடு உட்கார வைத்தார்கள். 1929-ல் நீதிபதி பைக் கொடுத்த அறிக்கை சர்க்காரின் நஷ்டத்தை மட்டும் 2 கோடி 30 லட்சம் பவுனுக்கு மேல் என்று கணக்கிட்டது. நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிய குடும்பங்களின் நஷ்டத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

"ஏன் ஐயா, செத்தவனுக்கு அழுவது கூடத் தப்பா?" என்று சிலர் கேட்கலாம். தப்பே இல்லை. 60,000 பேர் திரும்பவில்லை. ஏறத்தாழ எந்தப் பிணமும் வீடு வந்து சேரவில்லை. செத்த இடத்திலேயே புதைத்தார்கள். அதனால் ஊர் நடுவில் நட்ட கல்தான் தாய்க்கு மகன் சமாதி. அதன் முன்னால் நின்று விம்முகிற தொழிலாளியை நாம் மதிக்கிறோம். தன் பாட்டனை நினைக்க யாரிடமும் அவன் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அந்தக் கண்ணீரைக் குடத்தில் பிடித்து அடுத்த யுத்தத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறானே, அவனைத்தான் கேட்கிறோம். தொழிற்சங்கங்களும் அன்று வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கையை ஆதரித்தன என்பது உண்மை. அந்தக் கறையையும் நாம் மறைக்கவில்லை.

செத்த விழாவுக்கு உயிர் கொடுத்தவர்கள்

ஒரு காலத்தில் இந்த விழா தேய்ந்துகொண்டே வந்தது. 1965 ஏப்ரலில் பிரதம மந்திரி மென்ஸீஸ் வியட்நாமுக்குப் பட்டாளம் அனுப்புவதாக அறிவித்தார். இருபது வயதுப் பையன்களைப் பிறந்த தேதி குலுக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அந்த வயதில் அவர்களுக்கு வாக்குரிமை கூடக் கிடையாது! (1914-ல் மென்ஸீஸுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அண்ணன்மார் போனதால் இவர் வீட்டோடு இருக்கட்டும் என்று குடும்பம் முடிவு செய்ததாம்.) ஐந்நூறு பேர் செத்தார்கள். 1967-ல் வியட்நாமுக்குத் தளவாடம் கொண்டுபோகும் கப்பல்களில் வேலை செய்யக் கடல் தொழிலாளர் மறுத்தார்கள். 1970 மே மாதம் மெல்போர்ன் வீதிகளில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள். 1971-ல் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கொடுக்காதே என்று பிரசுரம் வினியோகித்த ஐந்து தாய்மாரைச் சிறையில் போட்டார்கள். அந்தத் தலைமுறைக்கு ஏப்ரல் 25 கசந்தது. முதியவர்கள் செத்துக்கொண்டே போக, ஊர்வலம் தானாகவே முடிந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள்.

முடிய விடவில்லை. 1990-ல் பிரதம மந்திரி ஹாக், கிழட்டுச் சிப்பாய்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு கலிப்போலிக்கே போனார். பின்னால் வந்தவர்கள் அதை மேலும் ஊதினார்கள். 2005-ல் கல்வி மந்திரி பிரெண்டன் நெல்ஸன், பள்ளிக்கூடங்களில் நல்லொழுக்கம் கற்பிக்க ஒரு சுவரொட்டி அனுப்பினார். அதில் யார் படம்? கழுதையோடு ஸிம்ஸன்! புரட்சி வேண்டுமென்று எழுதிய கரும்புவெட்டி, இப்போது பிள்ளைகளுக்கு அடக்கம் போதிக்கும் வாத்தியார். இந்த நெல்ஸன் அடுத்து யுத்த மந்திரி ஆனார். 2012 முதல் 2019 வரை கான்பெரா யுத்த நினைவு மாளிகைக்கு அதிகாரி. லாக்ஹீட் மார்ட்டின், பி.ஏ.இ., போயிங் போன்ற ஆயுதக் கம்பெனிகளின் நன்கொடை அந்த மாளிகைக்கு வந்தது. 2018-ல் மாளிகையை விஸ்தரிக்க ஏறத்தாழ 50 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். 2001-ல் கட்டிய நல்ல மண்டபத்தை இடித்து, விமானமும் ஹெலிகாப்டரும் வைக்க இன்னும் பெரிய மண்டபம். 2020-ல் நெல்ஸன் எங்கே போனார்? போயிங் கம்பெனியின் ஆஸ்திரேலியக் கிளைக்குத் தலைவராக! வெடிகுண்டு விற்கிறவன் சமாதிக்கு வெள்ளையடிக்கப் பணம் தருகிறான். சமாதியைப் பார்த்துக்கொண்டவர் வெடிகுண்டு விற்கிறவனிடம் வேலைக்குப் போகிறார்.

2020 நவம்பரில் ஆஸ்திரேலிய ராணுவத்தின் சொந்த விசாரணை அறிக்கையே, ஆப்கானிஸ்தானத்தில் அந்நாட்டு விசேஷப் படையினர் 39 பேரைச் சட்ட விரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டு என்று சொன்னது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தம். 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி முப்பது வருஷத்தில் 36,800 கோடி டாலர் வரை செலவு! யாருக்கு எதிராக? சீனாவை நோக்கித்தான் என்பது ஊரறிந்த ரகசியம். மறுபடியும் தூரத்து வல்லரசுக்காக ஒரு தூரத்துக் கடல்.

அந்தக் கப்பல்களுக்குத் தளம் அமைக்க 2022-ல் மூன்று துறைமுகங்களின் பெயரைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று போர்ட் கெம்ப்ளா. உருக்காலைத் தொழிலாளர்களின் ஊர். 1938 நவம்பரில் அங்கே "டால்பிராம்" என்ற கப்பலில் ஜப்பானுக்கு வார்ப்பிரும்பு ஏற்றச் சொன்னார்கள். சீன ஜனங்களின் தலையில் விழும் குண்டாக அது மாறும், நாளைக்கு நம் தலையிலும் விழும் என்று சொல்லித் துறைமுகத் தொழிலாளர் கீழே இறங்கிவிட்டார்கள். அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் இதே மென்ஸீஸ். லைசென்ஸ் சட்டத்தைக் காட்டி மிரட்டினார். கம்பெனி உருக்காலையை மூடி நாலாயிரம் பேரைத் தெருவில் நிறுத்தியது. பத்து வாரம் பட்டினியோடு தாங்கினார்கள். மென்ஸீஸுக்குச் சாகும்வரை "வார்ப்பிரும்பு பாப்" என்ற பட்டப்பெயர் நிலைத்தது. 1942 பிப்ரவரி 19-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரத்தின் மேல் குண்டு வீசின. 1945-ல், டச்சுக்காரன் இந்தோனேஷியாவை மறுபடி பிடிக்க ஆயுதம் ஏற்றிய கப்பல்களையும் இதே துறைமுகத் தொழிலாளர் சங்கம் தொட மறுத்தது. சிட்னியில் நின்ற நம் இந்தியக் கப்பல் தொழிலாளரும் அவர்களோடு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

2023-ல் அந்த வட்டாரத்துத் தொழிற்சங்கங்கள், தங்கள் மே தின ஊர்வலத்தைப் போர்ட் கெம்ப்ளாவில் நடத்தின. நீர்மூழ்கித் தளம் எங்கள் ஊரில் வேண்டாம் என்பது அதன் கோஷம்.